கட்டையின் கனம்

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். வேப்பேரி, பெரம்பூர், சாந்தோம், பரங்கிமலை என்று சென்னையில் பழைய பியானோக்கள் மிஞ்சியிருக்கும் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பள்ளி அரங்குகளுக்கும் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்வந்தே தலை நரைத்துவிட்டது. டிஜிட்டல் பியானோக்கள் பெருகிய பிறகு அவற்றையும் திறந்து பழுது பார்க்கிறேன். இரண்டையும் உள்ளே பார்த்தவன் என்பதால், பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்த பெற்றோர் பலர் கடைக்குப் போகும் முன் என்னைக் கூப்பிடுகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "நாப்பது, அம்பதாயிரத்துக்குள்ள நல்ல பியானோ எது சார்?"

ஒரு மாடலின் பெயரைச் சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் மாடல்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறிவிடும். எதைத் தொட்டுப் பார்த்து, எதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தவர், எந்த வருஷம் கடைக்குப் போனாலும் சரியானதை எடுத்து வருவார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரப் பியானோவைப் பராமரிப்பவனே டிஜிட்டலை வாங்கச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும். அப்ரைட் பியானோ ஒன்றின் எடை 200 கிலோவைத் தொடும், தாண்டவும் தாண்டும். உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கான விசையில் இழுபட்டு நிற்கின்றன. அந்த இழுவையைத் தாங்கும் முளைகள் செருகியிருப்பது மரப்பலகையில். கடலோரக் காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது மரம் உப்பும், சுருங்கும், சுருதி நகரும். கம்பி துருப்பிடிக்கும். சுத்தியலின் ஃபெல்ட்டைப் பூச்சி அரிக்கும். கரையான் வந்தால் அதோடு முடிந்தது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆளைக் கூப்பிட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். மூன்றாவது மாடி வாடகை வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும் இடத்தில், இப்படி ஒரு கருவியை வாங்கி வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல டிஜிட்டல் பியானோ 11, 12 கிலோ இருக்கும். சுருதி கலையாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கும் பயிற்சி செய்யலாம். பயிற்சி நடக்கும் வீட்டில்தான் இசை வளரும்.

அப்படி வாங்குவதில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தெரிய, பியானோவின் கட்டையை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குகிறது. அந்தச் சிறிய அசைவு நெம்புகோல்கள் வழியே ஏறக்குறைய ஐந்து மடங்காகி, சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் அது கம்பியின் மேலேயே அழுந்தி நின்று ஒலியை அடைத்துவிடும். 1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய அமைப்பின் உயிர்நாடி இந்த விடுபடல்தான். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கம்பி மீட்டப்பட்டது. விரல் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் அதில் ஒலியளவு பெரிதாக மாறாது.

சுத்தியல் கட்டையை விட்டுப் பறந்துவிடுவதால், ஒலி பெரிதா சிறிதா என்பதை அது கிளம்பிய வேகமே தீர்மானிக்கிறது. கட்டை அடியில் முட்டிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த 10 மில்லிமீட்டருக்குள் விரலின் வேகத்தை ஆளக் கற்பதுதான் பியானோப் பயிற்சியின் பெரும்பகுதி. எதிர்ப்பு இல்லாத இடத்தில் வேகத்தை ஆள முடியாது. விரலுக்கு எதிரே ஒரு கனம் இருந்தால்தான் முடியும்.

சாதாரணக் கீபோர்டிலும் எதிர்ப்பு உண்டு. ஆனால் அது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு. தொடும்போது லேசாக இருந்து, கீழே போகப் போகக் கூடும். பியானோவில் இது தலைகீழ். நிற்கும் ஊஞ்சலைத் தள்ளும்போது முதல் தள்ளுதான் கனமாக இருக்கும், கிளம்பிவிட்டால் அது தானே போகும். சுத்தியலும் அப்படித்தான். ஸ்பிரிங்கில் பழகிய விரல், கட்டையை அடிவரை குத்தி நிறுத்தப் பழகுகிறது. கனத்தில் பழகிய விரல், கிளப்பிவிட்டுக் கூடவே போகப் பழகுகிறது. இரண்டு வருஷம் ஒன்றில் பழகிவிட்டு மற்றதற்கு மாறுகிற பிள்ளைகள் எவ்வளவு திணறுகிறார்கள் என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டிஜிட்டல் பியானோவைத் திறந்தால், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நெம்புகோலும் அதில் இரும்புக் கனமும் தெரியும். கட்டையை அழுத்தினால் கனம் மேலே எழும்பும், விட்டால் தன் எடையாலேயே இறங்கும். பியானோவின் சுத்தியலுக்குப் பதிலாக நிற்பது இதுதான். ஒலிக்கு வேறு ஏற்பாடு. கட்டைக்கு அடியில் வரிசையாக ரப்பர் குமிழ்கள், அவற்றுக்குள் கரிப்பூச்சு. கட்டை இறங்கும்போது முதல் தொடுப்பும் இரண்டாவது தொடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக மூடும். இடையில் கழிந்த நேரத்தை வைத்துக் கருவி விரலின் வேகத்தைக் கணக்கிடுகிறது. டிஜிட்டல் இசைக்கருவிகளுக்குப் பொதுவான மிடி முறையில் அந்த வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண். அந்த எண்ணுக்கு ஏற்ற ஒலி, பெரும்பாலும் ஒரு கச்சேரிப் பியானோவிலிருந்து முன்பே பதிவு செய்தது, ஸ்பீக்கரில் வருகிறது.

கடையில் அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை இந்த அறிவோடு படிக்க வேண்டும். 'டச் சென்சிட்டிவ்' என்றால் வேகத்துக்கு ஏற்ப ஒலியளவு மாறும் என்று மட்டுமே அர்த்தம், ஸ்பிரிங் கட்டையிலும் அது உண்டு. 'செமி வெயிட்டட்' என்பது ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடையும் சேர்த்தது. பியானோ கற்கும் பிள்ளைக்கு இரண்டும் போதாது. 'ஹாமர் ஆக்‌ஷன்' என்ற சொல் இருக்க வேண்டும். 'கிரேடட்' அல்லது 'ஸ்கேல்டு' என்றும் இருந்தால், இடது பக்கக் கட்டைகள் கனமாகவும் வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். மரப் பியானோவில் கீழ்ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரியவை, மேல்ஸ்தாயிச் சுத்தியல்கள் சிறியவை என்பதால் வந்த அமைப்பு அது. கட்டைகள் 88 இருக்க வேண்டும், வெள்ளை 52, கருப்பு 36.

கனம் என்றதும் அதிகக் கனம் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அதை அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. மரப் பியானோவில் நடு ஸ்தாயிக் கட்டை மெல்ல இறங்குவதற்கு ஏறக்குறைய 50 கிராம் எடை தேவைப்படும். நான் அதற்கென்று எடைக்கல் வைத்திருக்கிறேன். உங்களிடம் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று 7.71 கிராம், ஏழு சேர்ந்தால் சுமார் 54 கிராம். மிடில் சி கட்டையின் முன் விளிம்புக்கு அருகே ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஆறு, ஏழு நாணயத்தில் கட்டை தயங்கி இறங்கினால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள். பத்து வைத்தும் அசையாவிட்டால், சிறு பிள்ளையின் விரலுக்கு அது பாரம். ஆனால் இந்தச் சோதனை ஓரளவுக்குத்தான். ஸ்பிரிங் கட்டையும் ஏழு நாணயத்தில் இறங்கிவிடும். கனம் எவ்வளவு என்பதற்கு மேல், அந்தக் கனம் விரலின் பேச்சைக் கேட்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதை நாணயத்தால் அறிய முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும்.

பெரம்பூரில் ஓர் அம்மா தன் மகளுக்காகக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் 61 கட்டைக் கீபோர்டு. "டீச்சர் வீட்டுப் பியானோல வாசிச்சா கை வலிக்குதுங்குறா சார். இங்க நல்லாதான் வாசிக்கிறா."

"கையில பலம் இல்லாம இல்லம்மா. இங்க அவ விரலுக்கு எதிர்ல ஒண்ணுமே இல்ல. அதான் அங்க போனா புதுசா இருக்கு."

கடைக்கு மூவருமாகப் போனோம். கடைப் பையன் 600 ஒலிகள் உள்ள ஒன்றைக் காட்டி வயலின், தபேலா, ஆர்கன் என்று தட்டிக்கொண்டே போனான். அம்மாவின் கண் அதிலேயே நின்றது. நான் அந்தப் பெண்ணை ஹாமர் ஆக்‌ஷன் உள்ள இரண்டு பியானோக்களின் முன் மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். "கண்ணு, உனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு வாசி. பக்கத்துல தம்பிப் பாப்பா தூங்குறான்னு நெனச்சுக்க. அவன் முழிக்கக் கூடாது." முதல் பியானோவில் சில ஸ்வரங்கள் சட்டென்று துருத்திக்கொண்டு வந்தன, சில வரவே இல்லை. இரண்டாவதில் ராகம் முழுவதும் மெலிதாக, இடைவெளி இல்லாமல் வந்தது. அவளே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "இதுல வருதும்மா" என்றாள். அதைத்தான் வாங்கினார்கள். அதில் ஒலிகள் பத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. அது அவளுக்குக் குறையாகவே இல்லை.

மெல்ல வாசித்துப் பார்ப்பதுதான் என் முதல் சோதனை. பலமாக வாசித்தால் எந்தக் கருவியும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கட்டையின் தரம் மெல்லிய ஒலியில்தான் வெளியே வரும். நினைத்த அளவுக்கு மெல்லியதாக, நினைத்தபோதெல்லாம் ஒலி வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே ஸ்வரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு துளி கூட்டிப் பத்துப் படிகள் ஏறிப் பாருங்கள். படிகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப வேகமாக அடிப்பது. கிராண்ட் பியானோவில் கட்டை முழுவதும் மேலே வராமலே மறுபடி அடிக்க முடியும், 1821-ல் செபஸ்தியான் எரார் காப்புரிமை பெற்ற அமைப்பு அதற்கு வழி செய்தது. டிஜிட்டலில் அந்த வேலையை மூன்றாவது சென்சார் செய்கிறது. இரண்டே சென்சார் உள்ளதில் கட்டை கிட்டத்தட்ட மேலே வந்தால்தான் அடுத்த அடி பதிவாகும். தொடக்கக் காலப் பிள்ளைக்கு இது தடையாக இராது. ஆனால் நான்கைந்து வருஷம் வைத்து வாசிக்கப் போகிறவர்கள் மூன்று சென்சாரைத் தேடுவது நல்லது.

மூன்றாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டையின் முன் விளிம்பில் மட்டும் வாசித்துப் பார்க்காமல், கருப்புக் கட்டைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அழுத்துங்கள். கட்டை ஒரு நெம்புகோல். அது சுழலும் அச்சு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அந்த அளவுக்கு உட்பகுதியிலும் அழுத்துவது எளிது. மெலிதாக, அழகாகச் செய்யப்பட்ட கருவிகளில் அச்சு முன்னாலேயே இருப்பதால் உள்ளே அழுத்துவது கடினமாகிவிடும். சிறு கைகளோடு கருப்புக் கட்டைகள் நிறைந்த ஸ்கேலை வாசிக்கும் பிள்ளைக்கு, கட்டைவிரல் உள்ளே போயே ஆக வேண்டும். அங்கே கட்டை இறுகினால் அவள் மணிக்கட்டை முறுக்கி வாசிக்கப் பழகிவிடுவாள். அந்தப் பழக்கத்தைப் பிறகு நீக்குவது பெரும்பாடு.

கடைசியாக, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வெறும் கட்டையின் சத்தத்தைக் கேளுங்கள். மெத்தென்று இறங்க வேண்டும், டக்டக்கென்று பிளாஸ்டிக் மோதக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போது கீழ் வீட்டுக்குக் கேட்பது இந்தச் சத்தம்தான். இரண்டு கட்டைகளைப் பிடித்து இடவலமாக அசைத்தும் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், லொடலொடவென்று ஆடக் கூடாது.

நம் ஊர்க் கடைகளில் ஏறக்குறைய 35,000 முதல் 60,000 ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு ஜப்பானிய நிறுவனங்களின் கருவிகள்: யமஹா, ரோலண்ட், கவாய், காசியோ. யமஹாவின் பி-45 2015-ல் வந்தது. கிரேடட் ஹாமர் ஸ்டாண்டர்டு என்ற கட்டை, 64 ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். 2023-ல் அதன் இடத்துக்கு வந்த பி-145-ல் உருவம் சிறுத்தது, கட்டையும் கிரேடட் ஹாமர் காம்பாக்ட் என்ற புது வகையாக மாறியது. ரோலண்டின் எஃப்பி-10 2019-ல் வந்தது. அதில் பிஎச்ஏ-4 கட்டை, மூன்று சென்சார், சுத்தியல் விடுபடும் இடத்தில் விரலுக்குத் தெரியும் சிறு தடை, வியர்வையில் வழுக்காத சொரசொரப்பான மேற்பரப்பு. இந்த விலைக்குள் கட்டைக்கு இவ்வளவு செலவு செய்த கருவி அரிது. கவாயின் இஎஸ் வரிசை பொதுவாக இன்னும் கொஞ்சம் விலை கூடும். அதன் ஒலியில் உள்ள இதத்துக்காகவே தேடிப் போகும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். காசியோவின் சிடிபி-எஸ்100 மெலிதானது, சுமார் 10 கிலோ. ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். மின்வெட்டு உள்ள ஊர்களிலும், கருவியைத் தூக்கிக்கொண்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் அது பெரிய உதவி.

இவற்றில் எது எடுத்தாலும் முதல் சில வருஷப் படிப்புக்குப் போதும். எதை எடுப்பது என்பதை, மேலே சொன்ன நான்கு சோதனைகளை உட்கார்ந்து செய்துவிட்டு, வாசிக்கப் போகிறவரே சொல்ல வேண்டும். அதனால்தான் ஆன்லைனில் விலை குறைவாக இருந்தாலும், முதலில் கடையில் போய்த் தொட்டுப் பாருங்கள் என்கிறேன். 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. நல்ல கடையில் உங்களை உட்கார்ந்து வாசிக்க விடுவார்கள்.

பட்ஜெட் போடும்போது மூன்று பொருள்களுக்கு இடம் விட வேண்டும். முதலாவது பெடல். விலை குறைந்த கருவிகளோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்விட்ச். அது தரையில் நழுவி ஓடும், பிள்ளை காலால் அதைத் துரத்திக்கொண்டிருக்கும். பியானோ வடிவில், கனமாக, ரப்பர் அடிப்பாகத்தோடு உள்ள பெடலைத் தனியாக வாங்குங்கள். கருவி பாதிப் பெடலை, அதாவது பெடலைப் பாதி மட்டும் அழுத்துவதை, ஏற்குமா என்று கேட்டு, ஏற்கும் என்றால் அதற்கு ஏற்றதையே வாங்குங்கள். இரண்டாவது ஸ்டாண்டு. எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஹாமர் ஆக்‌ஷன் பியானோவின் கீழே ஆடும், முழங்காலும் இடிக்கும். நான்கு கால் உள்ள மர ஸ்டாண்டோ இஸட் வடிவ இரும்பு ஸ்டாண்டோ நல்லது. வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72, 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, உயரம் மாற்றக்கூடிய இருக்கை. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் தொங்கக் கூடாது. சிறு பிள்ளை என்றால் காலடியில் ஒரு பலகை போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் தாழ உட்கார்ந்து, தோளைத் தூக்கி வாசிக்கும் பிள்ளைக்கு லட்ச ரூபாய்ப் பியானோவும் உதவாது.

பழையதை வாங்குவதும் நல்ல வழிதான், கவனம் இருந்தால். பழுதாகி என்னிடம் வரும் டிஜிட்டல் பியானோக்களில் திரும்பத் திரும்பக் காண்பது இரண்டு. தூசியும் ஈரமும் கரித்தொடுப்பில் படிந்து, ஒரு கட்டை மட்டும் அலறும் அல்லது ஊமையாகும். ரப்பர் பட்டையைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும், செலவும் அதிகமில்லை. அடுத்தது, கட்டை முட்டும் இடத்திலுள்ள ஃபெல்ட் நசுங்கி, கட்டை டக்கென்று மோதும். அதையும் மாற்றலாம். ஆனால் கட்டை உடைந்திருந்தாலோ, நிறுத்தப்பட்ட பழைய மாடலின் மதர்போர்டு போயிருந்தாலோ உதிரி கிடைப்பது கடினம். எனவே விற்பவர் வீட்டில் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, ஒரே மெல்லிய அளவில் வாசித்துப் பாருங்கள். ஒன்று விடக் கூடாது. கருவியோடு வந்த அசல் அடாப்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதியதோ பழையதோ, வீட்டுக்கு வந்ததும் துணியுறை ஒன்று தைத்துப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

எல்லோருக்கும் கனமான கட்டை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் பாட்டுக்குக் கார்டு பிடிப்பவருக்கும், மேடை மெல்லிசைக் குழுவில் ஐந்தாறு ஒலிகளை மாற்றி மாற்றி வாசிப்பவருக்கும் லேசான கட்டையே வசதி. கீபோர்டில் கர்நாடக இசை வாசிப்பவருக்குக் கமகத்துக்குப் பிட்ச் பெண்டு சக்கரம் வேண்டும், இந்தப் பியானோக்களில் அது இராது. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளிலும் பியானோவுக்கும் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம்தான். பிள்ளை எதைப் படிக்கிறாள் என்று ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். பியானோ என்று அவர் சொன்னால், ஸ்பிரிங் கட்டையில் பணத்தைப் போடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்பார்கள்: "இந்த விலையில ஒலி சுமாராத்தானே சார் இருக்கும்?" சில கருவிகளின் சிறு ஸ்பீக்கர்களில் அது உண்மைதான். ஆனால் ஒலியைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். நல்ல ஹெட்போன் மாட்டினாலே பாதிக் குறை தீரும். யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்தால், பெரிய கச்சேரிப் பியானோக்களை நுணுக்கமாகப் பதிவு செய்த மென்பொருள்களை அதே கட்டையில் வாசிக்கலாம். கருவிக்கு வெளியே ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாம். பெடலை மாற்றலாம், ஸ்டாண்டை மாற்றலாம். கட்டையை மட்டும் மாற்ற முடியாது. வாங்கும் நாளில் எது உள்ளே இருக்கிறதோ, அதோடுதான் பிள்ளையின் விரல் அடுத்த ஐந்து, ஆறு வருஷம் பேசும்.

அதனால் என் ஆலோசனை இதுதான். கையில் உள்ள பணத்தில் முதல் பங்கைக் கட்டைக்குக் கொடுங்கள், அடுத்த பங்கைப் பெடலுக்கும் ஸ்டாண்டுக்கும் இருக்கைக்கும் கொடுங்கள். ஒலிகளின் எண்ணிக்கை, தாளங்கள், விளக்குகள், திரை ஆகியவற்றுக்கு மிஞ்சியதைக் கொடுங்கள், மிஞ்சாவிட்டால் வருத்தப்படாதீர்கள். ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை மேல்நிலைத் தேர்வுகளுக்குப் போகும்போது, அவளுக்கு மரப் பியானோ தேவைப்படலாம். அன்று அவள் அதன் முன் உட்கார்ந்தால் விரலுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சமாகவே இருக்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க்கு அதைச் செய்துகொடுக்கும் கருவிகள் இன்று கடையில் இருக்கின்றன. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்தத் தொகைக்கு இப்படி ஒன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் பியானோ படிக்க இப்போதுதான் வழி திறந்திருக்கிறது. அவர்கள் கையில் சரியான கட்டை சேர வேண்டும்.